புயல்மாறன் பொங்கோலுக்குப் போகாத நாள்

அன்புள்ள ரீட்டாக்கா,

நீ கண்ணை மூடியபிறகாவது உன் கதையைப் பற்றிய சண்டை ஓயும் என்று நினைத்தேன். ஓயவில்லை. போன வாரம் தேக்கா சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றேன். பக்கத்தில் இரண்டு பேர் உன் புயல்மாறனை வைத்துத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பொங்கோல்ல புளோக்கு பத்தி எரியுது, இவன் வீட்டுல அம்மாவுக்குப் போர்வை மாத்திக்கிட்டு இருக்கான். இவனெல்லாம் ஒரு ஹீரோவா?” என்றார் ஒருவர்.

“உங்கம்மா படுத்த படுக்கையா கெடந்தா உனக்குத் தெரியும் லா,” என்றார் மற்றவர்.

நான் மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். யார் பக்கம் பேசுவது என்று எனக்கே தெரியவில்லை.

புயல்மாறன் நீ பெற்ற பிள்ளை இல்லை. வேறொருவர் தொடங்கி, பிள்ளைகள் கொண்டாடிய படக்கதை அது. அவன் பறப்பான், ஒரு கையால் பேருந்தைத் தூக்குவான், தீவில் எங்கே ஆபத்து என்றாலும் போய் நிற்பான். கதை உன் கைக்கு வந்ததும் அவனுடைய அம்மாவைப் பக்கவாதத்தில் படுக்க வைத்தாய். அவன் பறப்பது குறைந்தது. கடைசியில், பொங்கோலில் அடுக்குமாடிக் கட்டடம் தீப்பிடித்த அன்று, அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கும் நேரம் என்று அவன் போகவே இல்லை. தீயணைப்பு வீரர்கள்தான் எல்லோரையும் காப்பாற்றினார்கள். வாசகர்களில் பாதிப் பேர் உன்னைத் திட்டித் தீர்த்தார்கள், பாதிப் பேர் அழுதார்கள்.

நான் இரண்டையும் செய்தேன், அக்கா.

நம் அம்மா பாசிர் ரிஸ் வீட்டில் படுத்துவிட்டபோது நான் வேலையை விட்டேன். நீ தீவின் அந்தக் கோடியில், ஜூரோங்கில் இருந்தாய். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் உன் மகள் ஷெரினைக் கூட்டிக்கொண்டு வருவாய். ஆப்பிளை மேசையில் வைப்பாய், கொஞ்ச நேரம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், போய்விடுவாய். ஆனால் சாயங்காலமானால் தவறாமல் போன் பண்ணுவாய். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒருநாள் போனில் கேட்டாய்: “ஜெசி, அம்மாவைத் திருப்பும்போது கையை எங்கே வைப்பே?”

“அவங்க கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாதுக்கா. அவங்க முழங்காலை மடக்கிட்டு, ஒரு கையைத் தோள்ல வைக்கணும், ஒரு கையை இடுப்புல. அப்புறம் முதுகுக்கு ஒரு தலகாணி.”

“மெதுவாச் சொல்லு. முதல்ல முழங்காலா?”

மெதுவாகச் சொன்னேன். சந்தோஷமாகவே சொன்னேன். நீ பழகிக்கொள்கிறாய், இனிமேல் சனிக்கிழமைகளில் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வாய், வாரத்தில் ஒரு நாளாவது நான் முழுசாகத் தூங்கலாம் என்று கணக்குப் போட்டேன். என்ன மடச்சி நான்!

சனிக்கிழமை நீ வரவில்லை. உன் படக்கதையின் அடுத்த இதழ்தான் வந்தது. அதில் புயல்மாறன் தன் அம்மாவின் முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தான். முதுகுத் தலையணையைக்கூட நீ மறக்கவில்லை.

வந்த ஆத்திரத்தில் அந்த இதழைத் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் வீசினேன். அப்புறம் துடைப்பத்தால் இழுத்து எடுத்து, தூசியைத் தட்டிப் படித்தேன். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் அம்மாவின் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே அவனுடைய சிவப்பு மேலங்கியும் காய்கிற படம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் அழுதேன். எங்கள் வீட்டுக்குள் நடப்பது ஒருவர் கண்ணிலாவது பட்டிருக்கிறதே என்றிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள், என்னை யாரும் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டுப் போய் எழுதியிருக்கிறாய். இதற்கு நன்றி சொல்வதா, சண்டை போடுவதா?

ஒன்றை மட்டும் பொய்யாக எழுதினாய். அவன் சிரித்த முகத்தோடு புரட்டுகிறான். நான் ஒருநாளும் அப்படிப் புரட்டவில்லை, எனக்கு இடுப்பு ஒடிந்தது. பேருந்தைத் தூக்குகிறவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது? நானாக இருந்தால் அன்று பொங்கோலுக்குப் பறந்திருப்பேன். தீயை அணைக்க இல்லை, வீட்டை விட்டு வெளியே போக ஒரு சாக்கு கிடைத்ததே என்று.

அம்மாவின் நினைவுப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது, நம் கோயில் பங்கைச் சேர்ந்த ஆன்ட்டி ஒருவர் உன் கையைப் பிடித்துக்கொண்டார். “கதையைப் படிச்சேம்மா. பெத்தவளை எப்படிப் பாத்துக்கிட்டே நீ!” என்றார்.

“கடமைதானே ஆன்ட்டி,” என்றாய் நீ.

நான் பக்கத்திலேயே காபித் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். நீ ஏன் என் பக்கம் திரும்பவில்லை? கேட்கலாம், கேட்கலாம் என்று தள்ளிப் போட்டேன். அதற்குள் நீயும் போய்விட்டாய்.

இப்போது சேதி என்னவென்றால், நீ எழுதிய இதழ்கள் எல்லாம் சேர்ந்து ஒரே புத்தகமாக வருகின்றன. தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் வெளியீடு. நீ அம்மாவைப் பார்த்துக்கொண்ட விதத்தைப் பற்றி நான் மேடையேறிப் பேச வேண்டுமாம். பதிப்பாளர் ஆசையாகக் கேட்கிறார், பாவம், அவருக்கு என்ன தெரியும்? முடியாது என்று உன் மகளிடம் சொன்னேன்.

“சும்மா நல்லதா ரெண்டு வார்த்தை பேசிடுங்க லா சித்தி. அம்மா பேரு கெடக் கூடாது,” என்றாள் ஷெரின்.

“உங்கம்மா பேரு எங்கடி கெடப் போகுது?”

“அப்ப உண்மையைச் சொல்லப் போறீங்களா?”

ஞாயிறுதோறும் உன்னோடு வந்து போனவள், அவளுக்குத் தெரியாதா?

அலுப்பாக இருக்கிறது, அக்கா. உன்மேல் கோபத்தைக் காப்பாற்றி வைத்துக்கொள்ளத் தெம்பில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. உன்னை நினைத்தால் இன்னும் சாயங்காலம் போன் அடிக்காதா என்றுதான் இருக்கிறது. ஆனாலும் இன்னொரு முறை வாயை மூடிக்கொண்டு நிற்க என்னால் ஆகாது.

அதனால் ஊரறிய உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மேடை ஏறுவேன். உன்னைக் குறை சொல்ல மாட்டேன். எழுதியது அக்கா, பார்த்துக்கொண்டது நான் என்று மட்டும் சொல்வேன். அப்புறம், கதை நன்றாக இருக்கிறது, வாங்கிப் படியுங்கள் என்பேன். அதுவும் உண்மைதான்.

இப்படிக்கு,
அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்த உன் தங்கை,
ஜெசிந்தா