அடிக்குரல் ஆமென்

அக்டோபர் 4, செவ்வாய்
காலையிலிருந்து மழை. யாருக்கும் சொல்லாத விஷயம்: மாதா கோயில் கச்சேரி ஒத்திகையில் நான் பாடுவதே இல்லை. வாயை மட்டும் அசைக்கிறேன். லத்தீனைத் தமிழில் எழுதி வைத்தும் நாக்கு புரளவில்லை. பாட்டும் புதுசு. பழைய பூசைப்பாட்டு மாதிரி தொடங்கும், திடீரென்று எக்காளம் குறுக்கே பாயும். பள்ளத்தில் கிடப்பவன் கடவுளைக் கூப்பிடுகிற வேதாகமச் சங்கீதமாம். பாட்டு நடத்தும் யாழ்ப்பாணத்து மாஸ்டர் என்னைப் பார்த்து, "சிரியாதேங்கோ பிள்ளை. இது கலியாணப் பாட்டில்லை." என் வீட்டுக்காரர் கீழ்ஸ்தாயி பாடும் அடிக்குரல் வரிசையில். அவருக்குத்தான் சிரிப்பு தாங்கவில்லை.

அக். 7, வெள்ளி
வெயில். டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் தொண்டையில் இருப்பது கெட்ட கட்டி. குரல்வளையையே எடுக்க வேண்டும். பிறகு குரல் வராது. கச்சேரி முடிந்ததும் ஆஸ்பத்திரியில் சேரணும். வீட்டுக்குப் பஸ் ஏறினோம். கிளேபாங் நிறுத்தம் தாண்டியதும் நான், "இனிமே வீட்ல நான் மட்டும்தான் பேசுவேன்."
அவர், "இப்ப மட்டும் என்ன லா?"
குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். சோப்பு வாங்க மறந்தாச்சு.

அக். 15, சனி
கச்சேரி. கோயில் நிறைய ஆள். கடைசி ஆமென் அடிக்குரல்காரர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு மூச்சு முடிந்தது. வீட்டுக்காரர் குரல் மட்டும் கரகரவென்று நீண்டு நின்றது. அப்புறம் அதுவும் நின்றது.
கைதட்டல் இல்லை. கிழடுகள் முதலில், பின்னாலேயே எல்லாரும் முட்டி போட்டார்கள். லத்தீன் கேட்டால் நம் சனத்துக்குச் சாவுப்பூசைதான். மாஸ்டர் வணங்கத் திரும்பினார். எல்லாத் தலையும் கீழே.
வீட்டுக்காரர் என்னிடம் வந்து, "என்ன புள்ள, ஒருத்தரும் தட்டல?"
"நீங்க செத்துட்டீங்கனு நெனச்சிட்டாங்க."
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். கோயில் முழுக்கக் கேட்டது.

அக். 21, வெள்ளி
மழை. ஆண்கள் வார்டு. அவருக்கு ஆபரேஷன் முடிந்தது. கழுத்தில் ஓட்டை, குழாய். வாய் அசைகிறது, சத்தமில்லை. ஒத்திகையில் நான் செய்தது மாதிரியே.
மாஸ்டர் மாதிரி கையைத் தூக்கினார். பாடச் சொல்கிறார். அந்த லத்தீன் பாட்டை வாய்விட்டுப் பாடினேன். ஆமெனையும் இழுத்தேன். அவர் கை இறங்கவே இல்லை.
பக்கத்துக் கட்டில் சூசை மாமா விழித்துக்கொண்டார். நெற்றியில் சிலுவை போட்டார்.
"யாருக்கும்மா பூசை? எனக்கா?"
"இல்ல மாமா."
நம்பவில்லை. முட்டி போட இறங்கியதில் மேசை சாய்ந்தது. அவருடைய கஞ்சி முழுதும் என் செருப்பில். வேறு கஞ்சி இல்லையாம். மாமாவுக்கு ரொட்டி கொடுத்தார்கள்.