மூன்று விரல் மடிப்பு

ஜூன் 9, திங்கள்

இந்த அநாதை இல்லத்தின் சலவை அறையில் வேலை பார்த்த பெண்ணை இன்று காலை வெளியே அனுப்பிவிட்டார்கள். இங்கே வளரும் ஒரு பெண்பிள்ளைக்கு அவள் அம்மா என்பதுதான் அவள் செய்த குற்றம். அதை எல்லோர் முன்னாலும் சொன்னது நான். அவளை அனுப்பியது இல்லத் தலைவர். பக்கத்தில் நின்று தலையாட்டியது எங்களைக் கூட்டி வந்த போதகர், என் கூடப்பிறந்த தம்பி. மூன்றையும் எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று அவசரத்தில் எழுதினேன். இன்று முறையாக எழுதுகிறேன்.

எங்கள் சபையிலிருந்து பதினோரு பேர், மூன்று வாரம் ஊழியம் செய்யக் கடல் தாண்டி வந்திருக்கிறோம். மற்றவர்கள் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். என் வேலை, நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு புது உடுப்பு. கைத் தையல் மெஷினை விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வராத குறைதான். இந்த ஊர்ப் பாஷை எனக்குத் தெரியாது. இல்லத்து டிரைவர் முன்பு கப்பலில் நம் தமிழ் ஆட்களோடு சமையல் வேலை பார்த்தவர். அவர்தான் மொழிபெயர்ப்பு.

போன வியாழக்கிழமை கொக்குக்கு அளவு எடுத்தேன். ஒன்பது வயதுப் பெண்பிள்ளை. ஒற்றைக் காலில் நிற்கும், அதனால் நான் வைத்த பெயர். போர்வைகளை எடுத்துப்போக வந்த சலவைக்காரப் பெண் என் டேப்பைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிள்ளையின் இடது தோளில் இரண்டு விரலை வைத்து அழுத்திக் காட்டினாள். திரும்ப அளந்தேன். இடது தோள் அரை அங்குலம் இறக்கம்! நாற்பது வருஷமாகத் தைக்கிறேன், என் கண்ணுக்குத் தப்பிவிட்டது. சட்டைக் கை நுனியைக் கடிக்கும் பிள்ளை என்றும் சாடையில் சொன்னாள். கடித்த துணி துவைக்கிறவளுக்குத் தெரியும். தோள் இறக்கம் குளிப்பாட்டியவளுக்குத்தான் தெரியும். குழந்தையைத் தாலாட்டுவதுபோல் கையை ஆட்டி, நீயா என்று கேட்டேன். சிரித்தாள். வாசலையும் ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வை என்ன என்று நான் கேட்கவில்லையே.

ஞாயிறு மாலை சாட்சி நேரம். தேவன் அந்த வாரம் செய்ததை ஆளாளுக்கு எழுந்து சொல்வது எங்கள் வழக்கம். பணம் கொடுத்து இல்லத்தைத் தாங்கும் பெரியவர்களும் வந்திருந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? "அநாதைன்னு நெனச்ச பிள்ளைக்கு அம்மா இருக்கா, இதே கூரைக்குக் கீழ இருக்கா, ஸ்தோத்திரம்!" என்று கொக்கைக் காட்டிச் சொன்னேன். டிரைவர் அதை அப்படியே அவர்கள் பாஷையில் சொன்னார். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். வேறு ஒருவரும் தட்டவில்லை. கொக்கு மட்டும் சலவை அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தது.

ஜூன் 10, சாப்பாட்டுக்குப் பிறகு

தம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"தலைவருக்கு முன்னாடியே தெரியாதாடா?"

"தெரியும்க்கா. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைங்க இல்லம்னு போர்டு இருக்கு. பாவம் பாத்து, தெரிஞ்சும் தெரியாத மாதிரி வச்சிருந்தாங்க. பணம் குடுக்கறவங்க முன்னாடி நீ மைக்கப் புடிச்சிட்ட."

"அந்தப் பிள்ளை அம்மான்னு கூப்பிட்டு எத்தன வருஷம் ஆச்சு?"

"மூணு."

"வாயக் கட்டி வச்சதுக்குப் பேரு ஊழியமா?"

"உனக்கு இதெல்லாம் புரியாதுக்கா."

நான் பள்ளிக்கூடம் போனது மூன்று வருஷம். மீதியைப் பாட்டுப் புத்தகத்திலும் அளவு நோட்டிலும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதனால் புரியாதாம். "நீ போட்டுக்கிற அங்கியத் தச்சவ நான். அது எங்க பிஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியும், போ" என்றேன்.

ஜூன் 11, புதன்

தைக்க மாட்டேன் என்று மெஷினுக்கு உறை போட்டேன்.

ஜூன் 12, வியாழன்

பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? உறையை எடுத்துவிட்டேன். ஆனால் மேஜையைக் கொண்டுபோய் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் போட்டேன். வெளிச்சம் போதவில்லை என்று காரணம் சொன்னேன். நாலு மணிக்குக் கொக்கின் அம்மா வந்து வெளியே நிற்கிறாள். கொக்கு நூல் எடுத்துக் கொடுக்க வருகிறது. என்னை யார் நகர்த்துகிறார்கள் என்று பார்க்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

தலைவர் தம்பியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஞாயிறு விடைபெறும் ஆராதனையில், பாஷை தெரியாமல் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் திங்கள்கிழமை அவள் வேலைக்கு வரலாம். பழையபடி.

"ஒரே ஒரு வார்த்தைக்கா."

முடியாது என்றேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். இது நியாயமா, என் வீம்பா? வெளியே நிற்பது நான் இல்லையே — அவள்தானே நிற்கிறாள்? என் வாய்க்கு அவள் பிள்ளையா பலி?

ஜூன் 14, சனி

மாற்றிச் சொல்லட்டுமா என்று அவளிடமே கேட்டுவிட்டேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவில் டிரைவர். கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். பிறகு பேசினாள். டிரைவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"சொல்லாதீங்கன்றாம்மா. அன்னைக்கு என் பொண்ணு கதவத் திரும்பிப் பாத்தா. பாக்கக் கூடாதுன்னு மூணு வருஷமா சொல்லி வச்சிருந்தேன். மறுபடி என்னால அதச் சொல்ல முடியாதுன்றா. பிள்ளையக் கூட்டிட்டுப் போயிடறேன்றா."

"எங்க போவா?"

"விடுதி ஒண்ணுல துணி தேய்க்க ஆள் கேட்டாங்க. என் வீட்டுப் பின்னால ஒரு அறையும் காலியா இருக்கு. என் பொஞ்சாதிகிட்ட கேக்கணும். கடல்ல புயல் வந்தப்பகூட எனக்கு இவ்வளவு பயம் வரல."

ஜூன் 15, ஞாயிறு

மைக்கைக் கொடுத்தார்கள். "நான் போன வாரம் சொன்னது உண்மை. ஒரு எழுத்தும் மாத்தறதுக்கில்ல" என்று சொல்லி உட்கார்ந்தேன். தம்பி சாப்பாட்டு மேஜையில் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் போகட்டும்.

ஜூன் 16, திங்கள்

டிரைவர் மனைவி சரி என்றுவிட்டாளாம். "இதக் கேக்கவா ரெண்டு நாளு முழிச்ச?" என்று திட்டும் விழுந்ததாம்.

ஜூன் 17, செவ்வாய்

பிள்ளைகள் நல அலுவலகம். நீளமான அறை, ஆடும் பெஞ்சு. பிள்ளையை அவளிடம் கொடுக்க, அவள்தான் தாய் என்று அறிந்தவர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டேன். டிரைவர் போட்டால் வேலை போய்விடும், அவரைக் கேட்க மனம் வரவில்லை. இன்னொரு ஆளுக்கு எங்கே போவது?

கதவைத் திறந்துகொண்டு தம்பி வந்தான். யாரும் கூப்பிடவில்லை. "எங்க போடணும்?" என்றான். போட்டான். திரும்பி வரும்போது வண்டியில் கேட்டான்:

"அங்கி எங்க பிஞ்சிருக்குக்கா?"

"கக்கத்துல."

"தச்சுக் குடு."

ஜூன் 18, புதன்

நாளைக் காலை விமானம். செய்ய வேண்டியவை:

தலைவர், நாளைப் பத்து மணிக்குள் கொக்கை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். எழுதியே வாங்கிவிட்டேன்.

டிரைவர், அந்த அறை ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் போட வேண்டும். மழைக்கு முன்னால்.

தம்பி, ஊர் போனதும் சபையில் எழுந்து, அந்த இல்லத்தில் இன்னும் எத்தனை பிள்ளைகளுக்குத் தாய் இருக்கிறாள் என்று கேட்க வேண்டும். அவன் கேட்காவிட்டால் நான் கேட்பேன். மைக் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான், அந்தப் பெண்ணிடம் கேட்காமல் வாய் திறந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை மொழிபெயர்க்க ஆள் வேண்டாம்.

கொக்கு, நாளை புதுக் கவுனைப் போட்டுக்கொண்டு அம்மாவிடம் போக வேண்டும். இடது தோள் சரியாக உட்காரும். கீழ் விளிம்பில் மூன்று விரல் உள்ளே மடித்துத் தைத்திருக்கிறேன். வருஷா வருஷம் ஒரு விரல் பிரித்து இறக்க வேண்டும்.

அது அவள் அம்மாவின் வேலை.