அலமாரிக்குள் வளர்ந்த பயறு

அக்கா, சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி பக்கத்து வீட்டில்.

நாளை உன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட இரண்டு டம்ளரில் பயறு முளைக்க வைத்தாயே, ஜன்னலில் ஒன்று, அலமாரி இருட்டில் ஒன்று? இருட்டில் இருந்தவன் வெளிறி, நெடுநெடுவென்று தலை சாய்ந்து நின்றான். பாவமாக இருந்தது. நீ கிளம்பியதும் தினமும் என் மேசை வெயிலுக்குக் கொண்டுவந்து பேசிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் இல்லாவிட்டால் அப்படி ஆகும் என்று காட்டத்தான் அவன் என்பது இப்போதுதான் உறைத்தது. இரண்டும் இப்போது ஒரே பச்சை.

ஜன்னல் பயறிடம் காலையில் "என்னடா தங்கம், வளந்துட்டியா?" என்கிறாய். உன் வேலையை மண் விளையாட்டு என்று நான் சொன்னதிலிருந்து எனக்கு "தள்ளு" மட்டும்தான்.

பி.கு: இருட்டில் வளர்ந்தது ஒன்று வேண்டுமென்றால் என்னைக் கூட்டிப் போ. நானும் நெட்டைதான். வெளிறியும் இருக்கிறேன்.