பிரான்சில் ஆறியிருந்த ஒரு கிழமை

இன்று என் வீட்டுக்குக் கிட்ட, வெக்ஸ்போர்ட்டில் ஒரு பெரிய கடைக்குள், சீஸ் அடுக்கியிருக்கும் பக்கமாக வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனேன். மூக்கைத் துளைக்கிற ஒரு மணம் வந்தது. பக்கத்தில் நின்ற மனுஷி முகத்தைச் சுளித்தாள். எனக்கு உன் நினைவு வந்தது. இதை நீ ஒரு புகழ்ச்சியாக எடுக்கமாட்டாய் என்று தெரியும்.

பிரான்சில் நாங்கள் மூன்று பேரும் போய் நின்ற நாட்டுப்புற வீட்டில், முதல் நாள் சாந்தி மேசையில் வைத்த சீஸ் இப்படித்தான் மணத்தது. "உது பழுதாப் போச்சடி, எறி" என்றாய். பாதி வாழ்க்கையைப் பாரிசில் கழித்த சாந்தி, "விசரி, இப்பதான் பதத்துக்கு வந்திருக்கு" என்றாள். கடைசி நாள் மிச்சத்தைப் பாணில் வழித்துத் தின்றது நீதான்.

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். பிறகு சாந்தி பாரிசில், கனடாவில் நீ மார்க்கத்தில், நான் வோபர்னில். கலியாணவீடு, செத்தவீடு என்று சந்தித்தோமே தவிர, காரணம் இல்லாமல் சந்தித்ததில்லை. அதனால்தான் அந்தக் கிழமை. புருஷன்மார் இல்லை, பிள்ளைகள் இல்லை, சமையல் இல்லை. பாணும் வெண்ணெயும் பழமும் போதும் என்பது பேச்சு. போய் இறங்கிப் பெட்டிகளைத் திறந்தால் மூன்று பேரிடமும் கறித்தூள் இருந்தது, ஒருத்திக்குத் தெரியாமல் மற்றவள் வைத்தது. நீ இடியப்ப உரலையும் கொண்டுவந்திருந்தாய். "ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்று சொன்னாய்.

உன் வீட்டு பேஸ்மென்ட் ஒரு நாளும் வெறுமையாகக் கிடந்ததில்லை. உன் அவருடைய பக்கத்தில் யார் கனடாவுக்கு வந்தாலும் முதலில் இறங்கியது உன் வீட்டில்தான். "எங்கட வீடு சத்திரமடி, நான் சத்திரத்துக்காரி" என்று சிரிப்பாய். ஆனால் பிளேனில் வைத்து என்னிடம், "என்ன சாப்பாடு எண்டு ஆரும் கேக்காத ஒரு கிழமை எனக்கு வேணும்" என்றாய். அப்போது நீ சிரிக்கவில்லை.

அந்த வீட்டைச் சுற்றிக் கல்மதில். மதிலுக்கு அப்பால் மாடுகள். பிளம்ஸ் மரத்துக்குக் கீழே கதிரைகளைப் போட்டுவிட்டு, வெயில் நகர நகர நாங்களும் கதிரையை நகர்த்திக்கொண்டிருந்தோம். அப்படி இருக்கும்போதுதான் உன் மச்சாள் பாரிசிலிருந்து போன் எடுத்தார். பிரான்சுக்குப் போனவள் சொல்லாமல் வந்தால் தன் தமக்கை குறை நினைப்பார் என்று, உன் அவர் மார்க்கத்தில் இருந்தபடி விலாசத்தையே கொடுத்துவிட்டிருந்தார்.

"நாளைக்கு வாறம். வான் பிடிச்சு, எட்டுப் பேர். ஆட்டிறைச்சி வாங்கியாச்சு. ரெண்டு நாள் நிண்டிட்டுப் போவம். நீங்கள் ஒண்டுக்கும் கரைச்சல்படாதேங்கோ, நான் வந்து சமைக்கிறன்."

கரைச்சல்படாதே என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு எவ்வளவு கரைச்சல்பட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாதா? சாந்தி மெத்தைகளை எங்கே விரிப்பது என்று யோசிக்கத் தொடங்கினாள். அங்கேயிருந்த பானைக்குள் பதினொரு பேருக்குச் சோறு அடங்குமா என்று நான் யோசித்தேன். வருகிற சனத்தை மறிக்கலாம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை.

"மச்சாள், வரவேண்டாம்" என்றாய். "நான் இஞ்ச ஆறியிருக்க வந்தனான். போகேக்கை பாரிசிலை உங்களைப் பாத்திட்டுப் போறன்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. "ஐயோ, இனிக் கதைகாரியமே இருக்காது" என்று சாந்தி தலையில் கை வைத்தாள். நீ என்னைப் பார்த்து, "நான் செய்தது பிழையோ?" என்று கேட்டாய்.

"எங்கட சனத்தின்ர கணக்கிலை பெரிய பிழை. தேத்தண்ணி குடிப்பமே?"

"ஓம். நீ போடு."

உன்னைத் தெரிந்த காலம் முழுக்க, நீ இன்னொருத்தரைத் தேத்தண்ணி போடச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சாந்தி சொன்னதுதான் நடந்தது. திரும்பும் வழியில் பாரிசில் உன் மச்சாள் வீட்டுக்குப் போனோம், கதவு திறக்கவில்லை. உன் அவர் கன நாள் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஆறேக்கை ஆறட்டும்" என்று நீ பேசாமல் இருந்தாய். அது ஆறுவதற்கு முன்பே, அடுத்த மாரியில் உன் நெஞ்சு நின்றுவிட்டது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை பிறகுதான்.

செத்தவீட்டுக்கு உன் மச்சாள் வந்தார். எல்லாம் முடிந்து, மார்க்கத்தில் உன் வீடு நிறையச் சனம் இருந்தபோது, என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"ஒண்டு கேக்கவேணும். எங்களை வரவேண்டாம் எண்டிட்டு, அந்த வீட்டிலை அப்பிடி என்னதான் செய்தனீங்கள்?"

நான் உள்ளதைச் சொன்னேன். மாடுகளைப் பார்த்தோம். பழம் தின்றோம். நீ மத்தியானத்தில் நித்திரை கொண்டாய். எழும்பினாய், திரும்பவும் நித்திரை கொண்டாய். "வேறை ஒண்டும் செய்யேல்லை, அக்கா."

"மத்தியானத்திலையோ? அவளோ?"

"ஓம்."

குசினிக்குள்ளிருந்து யாரோ, "அன்ரி, தேயிலை எங்கை இருக்கு? வந்து ஒருக்காப் பாருங்கோ" என்று கூப்பிட்டார்கள். அவர் எழும்பவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இனிப் போறதெண்டால் என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ. தனியத்தான் வருவன். சமைக்கமாட்டன்."

சரி என்று சொல்லிவிட்டேன். இந்தக் கோடைக்குச் சாந்தி அதே வீட்டைப் பேசி வைத்திருக்கிறாள். நீ மறித்த ஆளையே கூட்டிக்கொண்டு போகிறேன், கோபிப்பாயோ தெரியாது. உன் வாழ்நாளில் உனக்கு வாய்த்தது அந்த ஒரு கிழமைதான் என்பது என் நெஞ்சை விட்டு இன்னும் போகவில்லை. உன் மச்சாளுக்கு அதுகூட வாய்க்கவில்லை.