எல்லாப் புட்டியிலும் மஞ்சள் புள்ளிகள்

பெரியவளின் அம்மாவுக்கு,

உன் மூட்டுவலி தணிந்ததா? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறாய்? எழுத வேண்டியது எதுவும் விட்டுப்போகாதிருக்க எண் போட்டுக்கொண்டேன்.

1. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.
2. ஆய்வகத்தில் ஒரு சின்னத் தவறு.
3. அதனால் என் வருகை தள்ளிப்போகிறது.
4. உன்னிடம் ஒரு சந்தேகம்.

குளத்து மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தங்களைத் தேடுவதுதானே என் வேலை. சோம்பேறிக் கிருமி, வளர்ந்து கண்ணுக்குத் தெரிய எட்டு வாரம்கூட ஆகும். போன வாரம், கிருமி வளர்க்க வைத்த எல்லாப் புட்டியிலும் மஞ்சள் புள்ளிகள். பூரித்துப்போனேன். பிறகு பார்த்தால், ஒப்பிடுவதற்காகச் சுத்த நீரை வடிகட்டி வைத்த புட்டியிலும் அதே புள்ளிகள்! வடிகட்டும் புனலை, சுத்தமாக இருக்கட்டுமே என்று, ஒவ்வொரு முறையும் குழாய் நீரில் அலசியவன் நான்தான். யாரும் அலசச் சொல்லவில்லை. கிருமி குழாயில் இருந்திருக்கிறது.

"ஐயா, குளத்துல தேடச் சொன்னா நம்ம குழாயிலயே புடிச்சிட்டீங்களே!" என்று மேலதிகாரி அம்மா சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சின்னவளின் பிரசவத்துக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன், முடியாது. நீயே அவளிடம் பக்குவமாகச் சொல்.

சந்தேகம் இதுதான்: ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும்? இத்தனை மாதமாகியும் என் கை இரண்டு பேருக்கே அளக்கிறது. உன் கையெழுத்திலேயே எழுதி அனுப்பு; தொலைபேசியில் சொன்னால் மறந்துவிடுவேன்.

ஆய்வக வண்டிக்காரர் கீழே ஹாரன் அடிக்கிறார். அவசரமாக ஒருமுறை படித்துப் பார்த்தேன். முதல் எண்ணில் எழுதியிருப்பது தவறு.

உன்,
வீட்டுக்காரர்