கழுத்தில் நின்றுபோன ஓசை

சிவமயம்

கனடாவில் நலமாயிருப்பதாகப் பிறர் வாயிலாக அறியும் என் மூத்த மகனுக்கு,

என் அழைப்பை நீ எடுப்பதில்லை, ஆகவே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு டாக்டர் என் இடக் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, மூச்சை அடக்கச் சொல்லிக் கேட்டார். "இரத்தக் குழாய் ஒடுங்கியிருக்கு ஐயா, அதுதான் இரையுது" என்றார். அந்த இரைச்சல் தீர வேண்டுமென்று உன் அம்மா பரந்தன் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டாள்.

நேற்று மறுபடியும் கேட்டார். ஓசை இல்லை. "பாத்தீங்களே, பிள்ளையார் கைவிடேல்லை!" என்று அவள் பொங்கலுக்குச் சாமான் வாங்கப் புறப்பட்டுவிட்டாள். டாக்டர் என் காதின் முன்புறத்து நாடியைத் தொட்டுப் பார்த்தார், ஸ்கானும் எடுத்தார்.

"சத்தம் நிண்டது சுகம் வந்ததாலை இல்லை ஐயா. குழாய் முழுக்க அடைச்சிட்டுது. மூளைக்கு இரத்தம் போகாமல் எந்த நேரமும் பேச்சு விழலாம்."

அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. அவள் படைத்த பொங்கலை உண்டேன்.

முன்பெல்லாம் வாரந்தோறும் அழைத்து, "அந்த முரசுமோட்டை வயலை விக்காமல் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடவுங்கோ!" என்று கத்துவாய், நானும் கத்துவேன். இரண்டு ஆண்டுகளாக அதுவும் இல்லை. "தகப்பனும் மகனும் இப்ப ஒரு சண்டையும் இல்லை" என்று அம்மா அயலெங்கும் மகிழ்ந்து சொல்கிறாள். அதையும் நான் திருத்தவில்லை.

உன்னை வரும்படி கேட்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் இரந்து பழக்கமில்லை. வயலைப் பற்றித் திட்டுவதற்காயினும் ஒருமுறை அழை. ஐந்தெழுத்தை நா மறந்தாலும் நெஞ்சு ஓதிக்கொள்ளும்; இறைவன் அதையும் கேட்பான். உன்னோடு பேச எனக்கு நாவன்றி வேறில்லை.

இவ்வண்ணம்,
உன் தகப்பன்