அளக்காத வரப்பு

4 ஜனவரி 2025, சனி

ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. ஒத்தக்கடையில் இன்னமும் 'சர்வேயர் சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முப்பத்திரண்டு வருடம் மேலூர்ப் பக்கம் நிலம் அளந்தவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? மாடியில் பத்துப் படம் வரைந்து வைத்திருப்பது யாருக்குத் தெரியும்?

பக்கத்துத் தெருவில் வீடு கட்டும் ஜெயபாண்டி, ஹாலில் மாட்ட, படுத்த யானை மாதிரி இருக்கும் நம் யானைமலையை வரைந்து தரச் சொன்னார். 31ஆம் தேதி கிரகப்பிரவேசம். முதல் ஆர்டர். மச்சினன் அழகுராஜா, பிளாட் போடும் கம்பெனி ஒன்றில் எனக்கு அளவு வேலை பேசி வைத்திருக்கிறான். பிப்ரவரி மூன்றாம் தேதி சேர வேண்டும். இந்தப் படம் தேறினால் வேலைக்குப் போக மாட்டேன் என்று மனைவி கனகலட்சுமியிடம் சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

9 ஜனவரி

உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது. எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. மலை வரவில்லை.

13 ஜனவரி

ஒருவழியாக முடித்தேன். கனகலட்சுமி பார்த்துவிட்டுச் சிரிசிரியென்று சிரித்தாள். படத்தின் மூலையில் வடக்குக் குறி போட்டிருக்கிறேன்! கை தன் பாட்டுக்குப் போட்டிருக்கிறது. வானத்து நீலத்தைப் பூசி மறைத்தேன்.

16 ஜனவரி

ஜெயபாண்டி சுவரில் வைத்துப் பார்த்தார். "யானை மூஞ்சி வாசலப் பாத்துல்ல இருக்கு. வீட்ட விட்டுப் போற மாதிரி. திருப்பிப் போட்டுருங்கண்ணே."

மலையைத் திருப்ப நான் யாருய்யா என்று கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது. படத்தை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தேன். இப்போது யோசிக்கிறேன் — மலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றால் யானை தானாகத் திரும்பிவிடுமே?

19 ஜனவரி

போனேன். ஒரு வயலோரம் உட்கார்ந்து தாளை விரித்ததும் மலையம்மாள் ஓடி வந்தாள். எட்டு வருடம் முன்பு அவள் வயலை நான்தான் அளந்தேன். பத்தடி, பக்கத்து வயல் கருத்தக்கண்ணனுக்குப் போனது.

"இப்ப யாருய்யா மறுபடி அளக்கச் சொல்லி மனுப் போட்டது? இன்னும் எம்புட்டுப் போகப் போகுது?"

படம் வரைகிறேன் என்றால் நம்பவில்லை. அறுப்பை விட்டுவிட்டு மதியம்வரை என் பக்கத்திலேயே நின்றாள். கடைசியில் தாளை எட்டிப் பார்த்து, மலையை மட்டும் போட்டிருக்கிறீர்களே, என் வயல் எங்கே என்று கேட்டாள். அன்றைக்கு நட்ட எல்லைக் கல்லில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் இவள் முகத்தை நான் அன்று பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

24 ஜனவரி

ஐந்து நாளாக மலையம்மாளின் வயலைத்தான் வரைகிறேன். மலை மேலே ஓரமாகக் கிடக்கிறது. எதையும் அளக்கவில்லை. இதை ஜெயபாண்டி வாங்கமாட்டார், தெரியும். பிறகு ஏன் வரைகிறேன்?

31 ஜனவரி

கிரகப்பிரவேசத்துக்குப் போய்வந்தோம். ஹாலில் ஏழு குதிரைப் படம், கடையில் வாங்கியது. வீட்டுக்குள் பார்த்துத்தான் ஓடுகின்றன. அழகுராஜாவும் வந்திருந்தான். திங்கள்கிழமை ஒன்பது மணிக்கு வந்துவிடச் சொன்னான். தலையாட்டினேன்.

1 பிப்ரவரி

படத்தை மலையம்மாளிடமே கொடுத்துவிட்டேன். விரலால் வரப்பு நெடுகத் தடவிப் பார்த்தாள்.

"அந்தப் பத்தடியும் இதுல எங்கிட்டதான்யா கெடக்கு."

உற்றுப் பார்த்தேன். ஆமாம், கிடந்தது. தெரிந்து செய்யவில்லை. திருத்தித் தரட்டுமா என்றதற்குப் படத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

2 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் கருத்தக்கண்ணன் வீடு தேடி வந்துவிட்டார். நல்ல கோபம். மலையம்மாள் ஊர் முழுக்கப் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறாளாம்.

"எங்க வயலுப் பக்கமா உக்காந்து எனக்கும் ஒண்ணு வரஞ்சு குடுங்க. அதவிடப் பெருசா."

கல் இருக்கிறதே, அளவுதான் உங்கள் பக்கம் இருக்கிறதே என்றேன். அளவை யார் பார்க்கிறார்கள் என்றார்.

அவர் இருக்கும்போதே அழகுராஜாவுக்குப் போன் செய்து, "நான் வரல மாப்ள" என்றேன். கனகலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவர் போன பிறகு, நாளைக்குச் சாப்பாடு கட்டித் தரட்டுமா, வயலில் எத்தனை மணிவரை இருப்பீர்கள் என்று மட்டும் கேட்டாள்.